குதிரை கதி மாறுவது எப்படி?

குதிரை நடந்து செல்கிறது. சிறிது தூரம் போனதும் ஓடத் தொடங்குகிறது. பிறகு பாய்ச்சலில் போகிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மோட்டார் வண்டி மெதுவாகவும் போகிறது, வேகமாகவும் போகிறது. குதிரையும் அப்படித்தானே என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வண்டி எவ்வளவு விரைந்து போனாலும் அதன் சக்கரங்கள் ஒரே முறையில்தான் சுழல்கின்றன. குதிரை நடையை விட்டு ஓட்டத்திற்கு மாறும்போதோ, நான்கு கால்களும் நிலத்தில் ஊன்றும் வரிசையே மாறிவிடுகிறது. ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள உடல், ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் ஓர் ஒழுங்கை விட்டு இன்னோர் ஒழுங்கைப் பற்றிக்கொள்கிறது.

முதுகில் ஆள் இல்லாத குதிரைக்கு இது எளிது. ஒருவர் ஏறி அமர்ந்துவிட்டால் அந்த ஒரு விநாடிதான் சவாரியின் சோதனைக் கட்டம். அது சரியாக அமைந்தால், மாறியது எப்போது என்பதே வெளியே தெரியாது. தவறினால் குதிரை தலையைத் தூக்கும். அதன் முதுகு குழியும். ஏறியவர் முன்புறம் தள்ளப்படுவார். அதிர்ச்சி முழுவதும் முன்கால்களில் போய் விழும். இப்படி நாள்தோறும் விழும் அதிர்ச்சிகள் குதிரையின் கால்களைக் கெடுக்கக்கூடும். எனவே கதி மாற்றம் அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. குதிரையின் உடல்நலத்தைப் பற்றிய செய்தியும் ஆகும்.

குதிரை ஏன் கதி மாறுகிறது? ஏறியவர் கேட்கும் நேரத்தில் அது நன்றாக மாற என்ன செய்ய வேண்டும்? இவற்றைப் பார்ப்போம்.

நான்கு கதிகள்

குதிரையின் போக்கு வகையைத் தமிழில் ‘கதி’ என்பார்கள். குதிரைக்கு ஐந்து கதிகள் உண்டு என்று நம் பழைய நூல்களும் உரைகளும் கூறுகின்றன. இன்றைய அறிவியல், கால் ஊன்றும் வரிசையை வைத்து நான்கு கதிகளை முதன்மையாகக் கொள்கிறது.

முதலாவது நடை. இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்று ஒவ்வொரு காலும் தனித்தனியே ஊன்றும். வேகம் மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர். உடல் எப்போதும் ஏதேனும் ஒரு காலின் மீதாவது நிற்கும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் ‘டிராட்’ எனப்படும் துள்ளோட்டம். இதில் இடப் பின்காலும் வல முன்காலும் ஒன்றாக ஊன்றும். அடுத்து வலப் பின்காலும் இட முன்காலும் ஒன்றாக ஊன்றும். இரண்டுக்கும் இடையே உடல் கணநேரம் அந்தரத்தில் இருக்கும்.

மூன்றாவது, ‘கேன்டர்’ எனப்படும் மென்பாய்ச்சல். முதலில் வலப் பின்கால். அடுத்து இடப் பின்காலும் வல முன்காலும் சேர்ந்து. கடைசியில் இட முன்கால். பிறகு நான்கு கால்களும் அந்தரத்தில். இதை இடப்புற மென்பாய்ச்சல் என்பார்கள். வலப்புறத்திற்கு வரிசை நேர்மாறாகும். இந்தக் கதியில் மூச்சும் காலோடு இணைந்துவிடும். ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு.

நான்காவது நாலுகால் பாய்ச்சல். மென்பாய்ச்சலில் சேர்ந்து ஊன்றிய இரு கால்களும் இதில் பிரிந்து, நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றும். பந்தயக் குதிரை குறுகிய தூரத்தில் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவது இந்தக் கதியில்தான்.

சில இனங்களுக்கு வேறு கதிகளும் உண்டு. ராஜஸ்தானத்து மார்வாரி குதிரைகளின் ‘ரேவால்’ அத்தகைய ஒன்று.

கண்ணை மூடிக்கொண்டு குளம்பொலியைக் கேட்டாலே கதியைச் சொல்லிவிடலாம். நடை ‘தகதிமி’ என்று நான்காக ஒலிக்கும். துள்ளோட்டம் ‘தக, தக’ என்று இரண்டாக ஒலிக்கும். மென்பாய்ச்சல் ‘தகிட’ என்று மூன்றாக ஒலித்து, சிறு இடைவெளி விட்டு மீண்டும் ‘தகிட’ என்னும். இசையிலும் நாம் இதனை நடை என்றும் கதி என்றும்தானே சொல்கிறோம்? சதுஸ்ர நடையிலிருந்து திஸ்ர நடைக்குத் தாளம் தப்பாமல் மாறுவது எவ்வளவு பயிற்சி வேண்டும் செயலோ, குதிரையின் கதி மாற்றமும் அப்படியே.

வெறுங்கண்ணால் இந்த வரிசைகளை முழுவதும் காண இயலாது. 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் ஓடுபாதையை ஒட்டி 12 காமிராக்களை வரிசையாக வைத்துப் பாயும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும் கணம் உண்டு என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்தது. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் கால்களை நீட்டியபடி அன்று. பாய்ச்சலில் கால்கள் வயிற்றின் கீழ் மடங்கிக் கூடும்போதே குதிரை அந்தரத்தில் இருக்கிறது.

தானாக மாறுவது ஏன்?

தந்தையின் கையைப் பிடித்து நடக்கும் சிறு குழந்தையைப் பாருங்கள். தந்தை சற்று விரைந்து நடந்தால், குழந்தை ஓடத் தொடங்கிவிடும். தந்தை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். இதற்குக் காரணம் காலின் நீளம்.

நடக்கும்போது ஊன்றிய கால் ஏறக்குறைய விறைப்பாக நிற்க, உடல் அதன் மேல் ஒரு வில்லைப்போல வளைந்து கடக்கிறது. தலைகீழாக நிறுத்திய ஊசலை இதற்கு உவமை கூறலாம். வளைந்த பாதையில் செல்லும் உடலை உள்நோக்கி இழுக்க ஒரு விசை வேண்டும். இங்கே அதைத் தருவது புவியீர்ப்பு. வேகம் கூடினால், ஒரு கட்டத்திற்குமேல் புவியீர்ப்பு போதாது. பாதம் நிலத்தை விட்டு எழுந்துவிடும். அதன்பின் நடக்க முடியாது.

இதை ஓர் எண்ணாகவே கூறலாம். வேகத்தின் இருமடியை, புவியீர்ப்பு முடுக்கத்தையும் காலின் நீளத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். கப்பல்களை ஆராய்ந்த ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடின் பெயரால் இது ஃப்ரூடு எண் எனப்படுகிறது. இந்த எண் 1 ஆகும்போது நடை முடியாததாகிறது. ஆனால் பெரும்பாலான விலங்குகள் அதுவரை காத்திருப்பதில்லை. எண் சுமார் 0.5 ஆகும்போதே ஓட்டத்திற்கு மாறிவிடுகின்றன. பிரிட்டிஷ் விலங்கியல் அறிஞர் மக்நீல் அலெக்சாண்டர் இந்த எண்ணைக் கொண்டு பல விலங்குகளின் ஓட்டத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். குழந்தையின் கால் அரை மீட்டர் எனக் கொண்டால், மாறும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5.6 கிலோமீட்டர். தந்தையின் கால் 90 சென்டிமீட்டர் என்றால் 7.6 கிலோமீட்டர். குதிரையின் கால் 1.3 மீட்டர் என்றால் 9 கிலோமீட்டர். குழந்தை முதலில் ஓடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

சிக்கனம் இன்னொரு காரணம். 1981-இல் அமெரிக்க அறிஞர்களான டொனால்டு ஹாய்ட், ரிச்சர்டு டெய்லர் ஆகிய இருவரும் சிறு குதிரைகளை ஓடுபட்டை இயந்திரத்தில் ஓட விட்டு, அவை உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்தார்கள். இயல்பாக ஓட வேண்டிய வேகத்திலும் நடக்குமாறும், பாய வேண்டிய வேகத்திலும் துள்ளோட்டத்திலேயே செல்லுமாறும் அக்குதிரைகள் பழக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கதிக்கும் செலவு மிகக் குறைந்த ஒரு வேகம் இருந்தது. அதற்கு மேலும் கீழும் செலவு கூடியது. விருப்பம்போல் செல்ல விட்டபோது, ஒவ்வொரு கதியிலும் செலவு குறைந்த அந்த வேகத்தையே குதிரைகள் நாடின.

ஆனால் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1991-இல் கிளேர் ஃபார்லியும் டெய்லரும் செய்த ஆய்வில், துள்ளோட்டத்திலிருந்து பாய்ச்சலுக்கு மாறும் வேகம் சிக்கனக் கணக்கோடு பொருந்தவில்லை. அந்த வேகத்தை எட்டும் முன்பே குதிரைகள் மாறிவிட்டன. எலும்பிலும் தசையிலும் தசைநாணிலும் விழும் விசை ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் அவை மாறுகின்றன என்று தெரிந்தது. மாறியதும் அந்த விசை குறைந்தது. முதுகில் பாரம் ஏற்றியபோது, இன்னும் குறைந்த வேகத்திலேயே மாறின. ஆனால் மாறிய கணத்தில் இருந்த விசையின் அளவு முன்போலவே இருந்தது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது எனலாம்.

முதுகில் ஆள் ஏறினால்

நின்றுகொண்டிருக்கும் குதிரையின் எடையில் 55 முதல் 60 விழுக்காடு முன்கால்களில் விழுகிறது. நீண்ட கழுத்தும் கனத்த தலையும் அதற்குக் காரணம். சேணம் இருக்கும் இடமும் முன்கால்களுக்கு அருகில்தான். ஆகவே ஏறியவரின் எடையிலும் பெரும்பங்கு முன்புறத்திற்கே போகிறது.

குதிரையின் முன்கால் உடலோடு சேர்ந்திருக்கும் விதமும் வியப்பானது. நமக்குத் தோளில் காறை எலும்பு உண்டு. குதிரைக்கு அது இல்லை. முன்கால்களை மார்போடு இணைப்பவை தசைகளும் அவற்றைச் சார்ந்த திசுக்களுமே. இரு கால்களுக்கு நடுவே மார்பு, தூளியில் கிடக்கும் குழந்தையைப்போலத் தொங்குகிறது. பின்கால்களோ இடுப்பெலும்பின் வழியாக முதுகெலும்போடு உறுதியாக இணைந்துள்ளன. உந்தித் தள்ளும் ஆற்றல் பெரிதும் பின்கால்களிலிருந்தே வருகிறது.

இப்போது நம் பொருளுக்கு வருவோம். பழகாத ஒருவர் துள்ளோட்டத்திலிருந்து மென்பாய்ச்சலுக்கு மாற விரும்பி, குதிரையை உதைத்து விரட்டுகிறார். குதிரை துள்ளோட்டத்திலேயே மேலும் மேலும் விரைகிறது. எடை முன்புறம் சாய்கிறது. கடைசியில், வேறு வழியின்றிப் பாய்ச்சலில் போய் விழுகிறது. வேகம் தள்ளியதால் நிகழ்ந்த மாற்றம் இது.

நன்கு பழகிய குதிரையோ, வேகம் கூடாமலே கதி மாறும். நடையிலிருந்து நேரே மென்பாய்ச்சலுக்கும் போகும். பின்கால்களை உடலின் கீழ் நன்றாக ஊன்றி, எடையைப் பின்புறம் வாங்கி, மார்பைத் தூக்கி எழும். சமநிலை இடம் கொடுத்ததால் நிகழும் மாற்றம் இது. சவாரிப் பயிற்சியின் நோக்கம், முதல் வகை மாற்றத்தை இரண்டாம் வகையாக ஆக்குவதே.

கேட்க வேண்டிய கணம்

நிலத்தில் ஊன்றி எடையைத் தாங்கும் காலை வேறிடத்தில் வைக்கச் சொல்ல முடியாது. அந்தரத்தில் வீசி வரும் காலைத்தான் எங்கே ஊன்றுவது என்று மாற்ற முடியும். ஆகவே ஏறியவரின் குறிப்பு, உரிய பின்கால் நிலத்தை விட்டு எழும் கணத்தில் கிடைக்க வேண்டும்.

பின்காலைக் கண்ணால் பார்க்க முடியாதே என்று கேட்கலாம். பார்க்க வேண்டியதில்லை, உடலால் உணரலாம். நடையில் இடப் பின்கால் முன்னோக்கி வரும்போது, அதற்கு இடம் விட்டுக் குதிரையின் வயிறு வலப்புறம் அசையும். சேணத்தில் இருப்பவரின் இடப்புற இடுப்பு சற்றுக் கீழே இறங்கும். பிறகு மறுபுறம். இந்த அசைவுக்கு ஏற்ப ‘இடம், வலம்’ என்று வாய்விட்டு எண்ணிப் பழகினால், சில நாட்களில் எந்தக் கால் எங்கே இருக்கிறது என்பது தானே தெரியும்.

இடப்புற மென்பாய்ச்சலில் முதலில் ஊன்றுவது வலப் பின்கால் என்று கண்டோம். எனவே அந்தக் கால் ஊன்றப் போகும் தறுவாயில் குறிப்புக் கொடுக்க வேண்டும். வலக் காலைச் சேண வாருக்குச் சற்றுப் பின்னே வைத்து, இடக் காலை வாரை ஒட்டி வைத்து, இடப்புற இடுப்பை மெல்ல முன் செலுத்துவது வழக்கமான குறிப்பு. அரை விநாடி பிந்தினால் கால் வரிசை கடந்துவிடும். குதிரை தடுமாறும், அல்லது வலப்புறப் பாய்ச்சலில் தொடங்கிவிடும். ‘சொல் பேச்சுக் கேட்காத குதிரை’ என்று பழி சுமப்பது பெரும்பாலும் இந்த அரை விநாடியால்தான்.

மெல்லிய குறிப்பே போதும்

ஓர் ஈ உட்கார்ந்தாலும் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் விலங்கு குதிரை. அதன் கண்ணும் அப்படியே கூர்மையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ‘புத்திசாலி ஹான்ஸ்’ என்ற குதிரை புகழ் பெற்றது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து உண்மையை வெளியிட்டார். சரியான எண்ணிக்கை வந்ததும், கேள்வி கேட்டவர் தம்மை அறியாமலே தலையை மிகச் சிறிதளவு அசைத்தார். அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! கணக்கு அறியாத ஹான்ஸ், மனிதரின் அசைவை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தது!

அத்தகைய விலங்கிடம் உதையும் இழுப்பும் எதற்கு? குதிரை கற்பது, அழுத்தம் வந்ததனால் மட்டும் அன்று, அழுத்தம் விலகுவதனால். கால் மெல்ல அழுத்துகிறது. குதிரை சரியாக மாறுகிறது. அதே கணத்தில் அழுத்தம் விலகுகிறது. ‘நான் செய்தது சரி’ என்பதற்கு அதுவே அடையாளம். மாறிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால் குதிரைக்கு அந்த அடையாளம் கிடைப்பதில்லை. நாளடைவில் அது அழுத்தத்தைப் பொருட்படுத்தாது. பிறகு உதை, பிறகு சவுக்கு என்று குறிப்பு கடுமையாகிக்கொண்டே போகும்.

வேகம் குறைப்பதே கடினம்

விரைவான கதியிலிருந்து மெதுவான கதிக்கு இறங்குவது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே கடினம். லகானைப் பிடித்து இழுத்தால் என்ன நிகழ்கிறது? கடிவாளத்தின் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறின் மேல் அமர்கிறது. அங்கே எலும்பை மூடியிருப்பது மெல்லிய தோலே. இழுத்தால் வலிக்கும். வலி தாளாமல் குதிரை தலையைத் தூக்கும். தலை தூக்கினால் முதுகு குழியும். முதுகு குழிந்தால் பின்கால்கள் வெளியே பின்தங்கிவிடும். எடை முழுவதும் முன்கால்களில் விழ, குதிரை முட்டி மோதி நிற்கும்.

தலையில் நீர்க்குடத்தோடு விரைந்து நடக்கும் பெண் நிற்க நினைத்தால் என்ன செய்கிறாள்? சட்டென்று நிற்பதில்லை. கடைசி இரண்டு மூன்று அடிகளைக் குறுக்கி, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பிறகு நிற்கிறாள். குதிரைக்கும் அந்த ஆயத்தம் தேவை. இதற்குச் சவாரிக் கலையில் ‘அரைநிறுத்தம்’ என்று பெயர். ஏறியவர் நிமிர்ந்து அமர்ந்து, இடுப்பின் அசைவைக் கணநேரம் நிறுத்தி, இரு கால்களாலும் குதிரையின் விலாவை மெல்லத் தழுவி, ஈரத்துணியைப் பிழிவதுபோல விரல்களை லகானில் மூடி, உடனே தளர்த்துகிறார். ஒரு விநாடிதான். பின்கால்கள் உடலின் கீழ் வருகின்றன. அதன்பின் கதி மாறச் சொன்னால் குதிரை தயாராக இருக்கும்.

கை இவ்வாறு மென்மையாக இருக்க வேண்டுமானால், ஏறியவர் தம் சமநிலைக்கு லகானைப் பற்றித் தொங்கக்கூடாது. வியன்னாவில் உள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இதில் மிகவும் கண்டிப்பானது. 1735-இல் கட்டி முடிக்கப்பட்ட மண்டபத்தில் இன்றும் பயிற்சி நடத்தும் இப்பள்ளியில், புதிய மாணவர்கள் நீண்ட கயிற்றில் பிடிக்கப்பட்ட குதிரை மீது, லகானும் அங்கவடியும் இன்றி அமர்ந்து பழகுகிறார்கள். இப்பள்ளியின் கலையை 2015-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

பயிற்சி முறை

முதல் பத்து நிமிடங்கள் குதிரை நிதானமாக நடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளட்டும். பிறகு 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் பயிற்சியைத் தொடங்கலாம். முதலில் நடையும் நிறுத்தமும். அடுத்து நடையும் துள்ளோட்டமும். பத்துப் பதினைந்து அடிகளுக்கு ஒரு முறை மாற்றம். இவை சீரான பிறகே மென்பாய்ச்சல். வட்டத்தில் மென்பாய்ச்சல் எளிது. எந்தப் புறம் வளைகிறதோ அந்தப் புற முன்காலைக் கடைசியாக நீட்டி ஓடுவது குதிரைக்கு இயல்பு.

அடிக்கடி நிகழும் இம்மாற்றங்கள் குதிரைக்குத் தண்டால் பயிற்சி போன்றவை. பின்கால்கள் மடங்கி நிமிர்கின்றன. தூளிபோல மார்பைத் தாங்கும் தசைகள் வலுப்பெறுகின்றன. ஆனால் அளவு மீறக்கூடாது. நல்ல மாற்றம் ஒன்று கிடைத்ததும் லகானைத் தளர்த்தி ஓய்வு கொடுப்பதே சிறந்த பரிசு.

இந்தத் திறமையை அளந்து பார்க்கும் போட்டியும் உண்டு. ‘டிரெஸ்ஸாஜ்’ எனப்படும் அப்போட்டியில், 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தின் ஓரத்தில் எழுத்துப் பலகைகள் இருக்கும். குறித்த எழுத்தருகே கதி மாற வேண்டும். நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். 2023-இல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி இப்பிரிவில் தங்கம் வென்றது. 1982-க்குப் பிறகு ஆசியப் போட்டியில் குதிரையேற்றத்தில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது.

பிடிவாதமா, வலியா?

நேற்று வரை நன்றாக மாறிய குதிரை இன்று மறுக்கிறது என்றால், அதைத் தண்டிக்கும் முன் ஆராய வேண்டும். சேணம் முதுகில் உறுத்துகிறதா? பல் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்துகிறதா? குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா? முதுகையோ காலையோ தொட்டால் கூசுகிறதா? நேராகச் செல்லும்போது மறைந்திருக்கும் நொண்டல், கதி மாறும்போது வெளிப்படுவதுண்டு. காதைப் பின்னே மடக்குதல், வாலை வீசுதல், வாயைத் திறத்தல், தலையைத் தூக்குதல் முதலியவை வலியின் அடையாளங்களாக இருக்கலாம். பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசனும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் இத்தகைய 24 அடையாளங்களைத் தொகுத்து வெளியிட்டனர். சவாரியின்போது அவற்றுள் எட்டு அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் குதிரைக்கு எங்கோ வலி இருப்பதாக ஐயுற வேண்டும். அப்போது தேவைப்படுபவர் கால்நடை மருத்துவரே.

காட்டில் ஓடும் குதிரைக்குக் கதியை மாற்ற யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. காலின் நீளமும் மூச்சின் செலவும் எலும்பின் தாங்குதிறனும் சேர்ந்து அதற்குரிய கணத்தைச் சொல்லிவிடுகின்றன. முதுகில் ஏறி அமர்ந்த நாம், அந்தக் கணத்தை நம் விருப்பப்படி முன்னும் பின்னும் நகர்த்தக் கேட்கிறோம். கேட்கும் உரிமை நமக்கு இருக்குமானால், அதன் கால் எங்கே இருக்கிறது என்று அறிந்து கேட்கும் கடமையும் நமக்கே உரியது.